30 மில்லி வயிறு

அறுவைச் சிகிச்சை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடிக்கவும் அதே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. 15 நிமிடத்துக்கு ஒரு முறை 30 மில்லி. மருந்து ஊற்றித் தரும் சின்ன பிளாஸ்டிக் குப்பியில் நர்ஸ் அளந்து கொடுப்பார். அதையும் ஒரே மூச்சில் விழுங்கக் கூடாது. உறிஞ்ச வேண்டும். "தண்ணீர் குடிப்பது ஒரு வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது" என்கிறார் அந்தப் பெண்மணி.

மும்பையில், முலுண்டில் வசிக்கும் அவருக்கு அப்போது வயது 44. உயரம் 158 செ.மீ. எடை 112 கிலோ. ஒன்பது வருடச் சர்க்கரை நோய். மாடிப்படி ஏற மறுக்கும் முழங்கால்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் இரவெல்லாம் அரைத் தூக்கம், பகலெல்லாம் கொட்டாவி. இருபது வருடமாக அவர் முயலாத வழி இல்லை. கொள்ளுக் கஞ்சி, குடம்புளி மாத்திரை, ஏழு நாள் பழ உணவு, விடியற்காலை யோகா வகுப்பு எல்லாம் நடந்தன. ஒவ்வொரு முறையும் பத்து கிலோ போகும். பன்னிரண்டு கிலோ திரும்பி வரும்.

2022 ஜூலையில் அவர் கத்திக்குச் சம்மதித்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்கிறார். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். அம்மாவின் உடம்புவாகு பெண்ணுக்கும் வரும் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்ற பயம்.

அவருக்குச் செய்யப்பட்டது 'பைபாஸ்' முறை. இதயத்தில் அல்ல, வயிற்றில். சாதாரணமாக ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடிய இரைப்பையின் மேல்முனையில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு சிறு பையை மட்டும் பிரித்துத் தைத்துவிடுகிறார்கள். அது கொள்வது சுமார் 30 மில்லி. சிறுகுடலை வெட்டி மேலே கொண்டுவந்து அந்தப் பையோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயேதான் இருக்கும், ஆனால் சோறு அந்தப் பக்கம் போகாது. இந்தியாவில் பரவலாகச் செய்யப்படும் இன்னொரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிட்டு, ஒரு குழாய் போன்ற பகுதியை மட்டும் விட்டுவைப்பார்கள். இரண்டிலும் இடம் குறைவதோடு விஷயம் முடிவதில்லை. பசியையும் திருப்தியையும் மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்களின் கணக்கே மாறிவிடுகிறது. சர்க்கரை நோயாளிகள் பலருக்கு எடை இறங்கத் தொடங்கும் முன்பே ரத்தச் சர்க்கரை இறங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம். அவர் போட்டுக்கொண்டிருந்த இன்சுலின் இரண்டாவது வாரமே நின்றது.

வீட்டுக்கு வரும்போது மருத்துவமனையில் நான்கு பக்க உணவுப் பட்டியல் தந்தார்கள். அச்சடித்த ஆங்கிலம். முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் கூழ், அப்புறம் குழைந்த உணவு, இரண்டாவது மாதக் கடைசியில் வழக்கமான சாப்பாடு. பிராக்கோலி சூப், ஜெல்லி, மசித்த மீன் என்று நீண்டது பட்டியல். முட்டைகூட நுழையாத சைவ வீடு அது. ரசம் குடிக்கலாமா? பெருங்காயம் சேர்க்கலாமா? புழுங்கலரிசிக் கஞ்சி திரவமா, கூழா? பட்டியலில் பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டால், "காரம் வேண்டாம், மீதி எல்லாம் அதில் இருக்கிறது" என்றார்கள்.

பதிலைக் கண்டுபிடித்தவர் மாமியார். 71 வயது. அறுவைச் சிகிச்சையை அவர் விரும்பவில்லை. வேளைக்குப் பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டில் வளர்ந்தவர். இலையில் வைத்ததை மிச்சம் வைப்பது அன்னலட்சுமிக்குச் செய்யும் அவமரியாதை என்று நம்புகிறவர். "நல்ல வயிற்றைப் போய் யாராவது வெட்டிக்கொள்வார்களா?" என்று மகனிடம் சண்டை போட்டவர். ஆனால் மருமகள் வந்து படுத்த அன்று மாலை பீரோவைத் திறந்து வெள்ளிப் பாலாடையை எடுத்து வந்தார். பேத்திக்குப் பால் புகட்டிய பாலாடை. பயத்தம்பருப்பை வேகவைத்து, மசித்து, இரண்டு முறை வடிகட்டி, உப்பு மட்டும் சேர்த்த தண்ணீர். "ஒரு பாலாடை குடி. அப்புறம் கால் மணி நேரம் கழித்து இன்னொன்று தரேன்." குழந்தைக்கு எப்படிச் சோறு பழக்குவது என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். பருப்புத் தண்ணீர், மோர், இளநீர், பிறகு வடிகட்டாத பருப்பு, பிறகு குழையப் பிசைந்த தயிர் சாதம் என்று அவர் போட்ட வரிசை, அந்த நான்கு பக்கங்களின் வரிசையிலிருந்து அதிகம் விலகவில்லை.

நான்காவது வாரத்தில் முதல் இடி. காலையில் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில், ஆவி பறக்கும் இட்லியில் பாதியை எடுத்துச் சாம்பாரில் தோய்த்து நாலே வாயில் முடித்தார். பழைய பழக்கம், 7.50க்குள் ரயில் நிலையத்தில் இருந்தாக வேண்டிய ஊரில் இருபது வருடம் பழகிய வேகம். இரண்டு நிமிடத்தில் நெஞ்சுக்கு நடுவே கல்லை வைத்து அழுத்தியது போல வலி. வாயில் நுரை நுரையாக எச்சில். பிறகு வாந்தி. மாரடைப்பு என்று பயந்துபோய்க் கணவர் டாக்ஸியைக் கூப்பிட ஓடினார். மாரடைப்பு இல்லை. மெல்லாமல் விழுங்கிய மாவு, புதுப் பையின் குறுகிய வாசலில் அடைத்துக்கொண்டதுதான்.

இது பலருக்கும் நேர்வது. அரிசிச் சோறு, சப்பாத்தி, பிரெட் ஆகியவை பிசினாகத் திரண்டு சிக்கிக்கொள்ளும். அதற்கு மருந்து மெல்வதுதான். ஒரு வாய்க்கு இருபது, முப்பது தடவை. சாப்பாட்டுக்கு அரைமணி முன்பும் அரைமணி பின்பும் தண்ணீர் கூடாது. நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொள்ளும் நம் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வாந்தி எப்போதாவது வந்தால் பாடம். நிற்காமல் நாள்கணக்கில் வந்தால் ஆபத்து. உடம்பில் பி-1 வைட்டமின் தீர்ந்துபோய் நடை தள்ளாடி, பார்வை இரட்டையாகி, மூளையே பாதிக்கப்படும் நிலை வரை போகலாம். "வாந்தி நிற்கவில்லை என்றால் காத்திருக்காமல் வாருங்கள்" என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஏழாவது வாரம் விநாயக சதுர்த்தி. பக்கத்து வீட்டு மராட்டியப் பெண்மணி தட்டு நிறைய மோதகம் கொண்டுவந்தார். பிரசாதம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒன்றுதானே. வெல்லமும் தேங்காயும் உள்ளே போன இருபதாவது நிமிடம் உடம்பு வியர்த்துக் கொட்டியது. இதயம் படபடவென்று அடித்தது. வயிற்றை முறுக்கிப் பிழிந்தது. படுத்தவர் ஒரு மணி நேரம் எழவில்லை. இரைப்பையில் தங்கிக் கரையாமல் இனிப்பு நேராகச் சிறுகுடலில் போய் விழுவதால் வரும் கோளாறு இது. அவர் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்குள்ளேயே ஒரு போலீஸ்காரனை உட்கார்த்திவைத்த மாதிரி" என்கிறார். ஆனால் அந்தப் போலீஸ்காரன் எல்லோருக்கும் வருவதில்லை. வந்தவர்களுக்கும் எப்போதும் கூடவே இருப்பதில்லை.

வயிற்றுப் பசி போய்விட்டது. வாய்ப் பசி போகவில்லை. யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் அது. கடுகு வெடிக்கும் வாசனைக்கு அழுகை வந்தது. அலுவலகத்தில் பாஸ் திட்டினால் ஒரு வடா பாவ், மகளோடு சண்டை என்றால் அரைப் பாக்கெட் சிப்ஸ், மாதக் கடைசி வேலை முடிந்தால் தோழிகளோடு பாவ் பாஜி. துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் அவர் வைத்திருந்த ஒரே மருந்து கடை அடைத்துவிட்டது. மூன்றாவது மாதம் காரணம் தெரியாமல் எரிந்து விழுந்தார். மருத்துவமனையின் மனநல ஆலோசகர் கேட்ட கேள்வி: "எதற்காகச் சாப்பிட்டீர்கள் என்று எழுதிப் பாருங்கள்." எழுதினார். 'பசிக்காக' என்று ஒரு பக்கத்தில் இரண்டு இடத்தில்தான் வந்தது.

இந்த இடத்தில் சிலர் வேறு வழியில் சறுக்குகிறார்கள். மாதம் ஒரு முறை மருத்துவமனையில் நடக்கும் பழைய நோயாளிகள் கூட்டத்தில் அதைப் பார்த்திருக்கிறார். சாப்பாடு போன இடத்தில் குடி வந்து உட்கார்ந்துகொண்ட ஒருவர். பைபாஸ் செய்த வயிற்றில் மது வெகு சீக்கிரம் ரத்தத்தில் கலந்துவிடும். முன்பு மூன்று பெக்கில் ஏறியது ஒன்றிலேயே ஏறும். எச்சரிக்கை, அச்சடித்த தாளில் இருந்தது. அவர் படிக்கவில்லை.

நவராத்திரி வந்தது. மும்பையில் ஒன்பது நாளும் ஒவ்வொரு நிறம். பெண்கள் பெட்டியே ஒரு நாள் மஞ்சள், ஒரு நாள் பச்சை. அவர் புடவைகள் சரியாக இருந்தன. ரவிக்கைகள் தோளில் நிற்கவில்லை. 26 கிலோ போயிருந்தது. கூடவே தலைமுடியும் போகத் தொடங்கியது. சீப்பில் சுருள் சுருளாக. எடை வேகமாக இறங்கும்போது மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது சகஜம், பெரும்பாலும் திரும்ப வளரும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் புரதம் போதவில்லை என்றும் சொன்னார். நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். இரண்டு இட்லியில் நாலைந்து கிராம். ஒரு கிண்ணம் பருப்பில் ஏழெட்டு. ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம் மட்டும் கொள்ளும் வயிற்றில் 60 கிராமை எப்படி அடைப்பது? அரிசியை முதலில் சாப்பிட்டால் அதோடு இடம் முடிந்தது.

இதற்கும் வழி வீட்டிலேயே கிடைத்தது. கொலுவுக்குச் சுண்டல் செய்துகொண்டிருந்த மாமியாரிடம் பேத்தி, கடலையில் எவ்வளவு புரதம், பயறில் எவ்வளவு என்று கணக்குச் சொன்னாள். கிழவி ஒரு நிமிடம் யோசித்தார். மறுநாளிலிருந்து தட்டில் முதலில் விழுந்தது, நன்றாக வெந்து மசிந்த சுண்டல் இரண்டு ஸ்பூன். அடுத்தது பனீர் உதிர்த்த பொரியல். கெட்டித் தயிர். கடைசியில் இடமிருந்தால் சோறு. காலை மோரில் புரத மாவு. காலங்காலமாகச் சோற்றைக் குன்றாகக் குவித்து, பருப்பை மேலே ஒரு கரண்டி ஊற்றிச் சாப்பிட்ட வீட்டில் வரிசை தலைகீழானது. மூன்று மாதம் போனபின் மாமியாரின் சர்க்கரையும் இறங்கியிருந்தது.

வீட்டைவிடக் கஷ்டமாக இருந்தது ரயில்.

முலுண்டிலிருந்து சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதே பெட்டி, அதே ஏழெட்டுப் பெண்கள், பதினைந்து வருடம். அங்கே நட்பின் மொழி டப்பாதான். ஒருத்தி தோக்ளா கொண்டுவந்தால் மற்றவள் தாலிபீட் கொண்டுவருவாள். இவர் பங்கு எலுமிச்சை சாதம். அறுவைச் சிகிச்சை பற்றி அவர்களிடம் சொல்லவில்லை. 'குடல் இறக்கம்' என்று சொல்லி லீவு போட்டிருந்தார். திரும்பி வந்தவர் எதை நீட்டினாலும் ஒரு துணுக்கைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். முடி கொட்டுகிறது. கன்னம் ஒட்டியிருக்கிறது. வாரத்துக்கு வாரம் இளைக்கிறார். அவர் இறங்கியபின் தோழிகள் கூடிப் பேசியிருக்கிறார்கள். நவம்பரில் ஒரு நாள் காலை, கூட்டத்தில் மூத்தவர் அவர் கையைப் பிடித்து ஒரு துண்டுச் சீட்டைத் திணித்தார். பரேலில், டாடா மருத்துவமனையில் வேலை பார்க்கும் தன் நாத்தனாரின் நம்பர். "பணம் பற்றிக் கவலைப்படாதே. நாங்கள் பேசி வைத்திருக்கிறோம்."

தாதர் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒருத்தி அழுதாள். ஒருத்திக்குக் கோபம்: "இத்தனை நாள் எங்களைப் பயமுறுத்தினாயே!" இன்னொருத்தி சிரித்தாள்: "அப்படியானால் சுலபமான வழிதான் என்று சொல்." அந்தச் சொல் மட்டும் இன்றுவரை உறுத்துகிறது. சிரித்தவளே மறுவாரம் தனியாக வந்து, எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டாள்.

பலருடைய எண்ணமும் அதுதான்: உடம்பைக் குறைக்க வக்கில்லாதவர்கள் பணம் கொடுத்துக் குறைத்துக்கொள்வது. இதை ஊர் பேசத் தொடங்கியது அரசியல்வாதிகளால். 2011இல் நிதின் கட்கரி, 2014இல் அருண் ஜேட்லி. 2017இல் சுமார் 500 கிலோ எடையோடு எகிப்திலிருந்து சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவரப்பட்ட எமான் அகமதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இங்கே சிகிச்சை பெற்று அபுதாபிக்குப் போன அவர் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். ஆனால் இது அபூர்வ மனிதர்களின் வியாதி அல்ல. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 24 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். தமிழ்நாட்டில் அது 40 சதவீதம்.

காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்யும் அவருக்கு இன்னொரு பக்கமும் தெரியும். உடல் பருமனுக்கான சிகிச்சையை அழகு சிகிச்சை போலக் கருதி ஒதுக்கிய பாலிசிகள் எத்தனையோ அவர் மேஜையைக் கடந்து போயிருக்கின்றன. 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதிகளைச் சீர்படுத்தியது. உயரத்துக்கும் எடைக்குமான விகிதக் குறியீடு 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சடைப்பு, இதய நோய் போன்றவை இருந்தாலோ, டாக்டரின் பரிந்துரையின் பேரில் இச்சிகிச்சை விலக்குப் பட்டியலில் வராது. அவருடைய குறியீடு கிட்டத்தட்ட 45. கோப்பு நகர்ந்தது. ஆனால் பாலிசி மருத்துவமனைப் படுக்கைக்குத்தான். ஆயுள் முழுவதும் போட வேண்டிய இரும்பு, கால்சியம், டி, பி-12 மாத்திரைகளும் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் அவர் கைக்காசு. "இது ஒரு தடவை செலவு இல்லை. மாதத் தவணை" என்கிறார்.

ஓராண்டு முடிவில் எடை 78 கிலோ. ரயிலில் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நாலாவதாக ஒட்டிக்கொள்வது மும்பைப் பெண்களின் பிறப்புரிமை. அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் கேட்டதில்லை. நின்றுகொண்டே போவார். 2023இல் ஒரு நாள் யாரோ முகம் தெரியாத பெண் வந்து, "கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்" என்றாள். தள்ளி உட்கார்ந்தார். இடம் இருந்தது. அதைச் சொல்லும்போது குரல் மாறுகிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மூன்றாம் ஆண்டில் ஆறு கிலோ ஏறிவிட்டது. சிறு பை கொஞ்சம் விரிகிறது. பசி மெல்லத் திரும்புகிறது. பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகின்றன. பாதி டப்பா சோற்றுக்கு இடமில்லாத வயிற்றில், மாலை முழுவதும் கொறிக்க இடம் இருக்கிறது. 2025இல் எடை குறைக்கும் வார ஊசிகள் இந்தியக் கடைகளுக்கு வந்தபோது அவசரப்பட்டுவிட்டோமோ என்று அவருக்கும் தோன்றியது. டாக்டரிடமே கேட்டார். ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும் வாய்ப்பு அதிகம், தேவைப்பட்டால் உங்களுக்கும் அது துணைக்கு உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதி அல்ல என்பது பதில். கை மடிப்பிலும் வயிற்றிலும் தோல் தொங்குகிறது. அதற்கு ஒரு சிகிச்சை இருக்கிறது. அது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். முழங்கால் வலி வந்தால் கைக்குக் கிடைத்த வலி மாத்திரையைப் போடக் கூடாது. புது வயிற்றில் புண் வரும். சர்க்கரை மாத்திரை இன்றுவரை தேவைப்படவில்லை. பி-12க்கு ஊசி தேவைப்படுகிறது.

மாதக் கூட்டத்துக்கு இப்போதும் போகிறார், புதியவர்களுக்குச் சொல்வதற்காக. ஆங்கிலப் பட்டியலுக்குப் பதில், மாமியாரின் கணக்கைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார். முதல் வாரம் வடித்த பருப்புத் தண்ணீர், இரண்டாம் வாரம் மோர் என்று ஆரம்பிக்கிறது அது. அண்மையில் ஒரு கூட்டத்தில், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த இளம்பெண் ஒருத்தி கேட்டாள்: "எத்தனை மாதத்தில் எல்லோரையும் போல நான் சாப்பிடலாம், ஆன்ட்டி?"

"எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம், இரண்டு மாதத்தில்" என்றார் அவர். "எல்லோரையும் போல என்றால், அது இல்லை. அதற்குச் சம்மதம் என்றால் கையெழுத்துப் போடு."

அந்தப் பெண் இன்னும் ஒரு வாரம் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். யோசிக்கட்டும் என்றார் அவர், பிரதியில் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தியபடி.